பின்வாசலில் ஒரு போணி

தம்பி மனைவி வழியிலேயே சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள். "அண்ணி, இந்த நாட்டுச் சந்தையில எதையும் தொட்டுப் பாக்கக் கூடாது. கை காட்டினா போதும், அவங்களே எடுத்துப் போட்டுத் தருவாங்க." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். ஆனால் கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து காய்கறிக் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். என் கைக்கு யார் சொல்லி வைப்பது? வெண்டைக்காயைக் கண்டதும் அது பாட்டுக்குப் போய் ஒன்றின் நுனியை ஒடித்துவிட்டது. இளங்காயாக இருந்தால் பட்டென்று ஒடிந்திருக்கும். இது நார் விட்டுத் தொங்கியது.

அந்தக் கடைக்காரன் போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கையில் உறை வேறு மாட்டியிருந்தான். முற்றின காயை அடுக்கி வைத்துக்கொண்டு கோபம் என்ன வேண்டிக்கிடக்கிறது? "முத்தல வச்சுக்கிட்டு என்னய்யா சத்தம்?" என்று நானும் கேட்டேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. இரண்டு காய்கறிக்காரர்கள் சண்டை போடுவதற்குப் பாஷை எதற்கு? தம்பி மனைவிதான் நடுவில் புகுந்து, கெஞ்சி, வேண்டாத காயெல்லாம் வாங்கிக்கொண்டு என்னை இழுத்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் அடியில் இரண்டு கத்தரிக்காய் சொத்தை. தொடவிடாததன் சூட்சுமம் அதுதான். என் கடையில் கூடையையே கவிழ்த்துப் பொறுக்குவார்கள். நான் திட்டுவேன், ஆனால் தடுக்க மாட்டேன். தின்னப்போகிறவர்கள் அவர்கள்தானே?

"அண்ணி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தம்பி மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி இங்கே ஒரு பெரிய கடையில் காய்கறிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலை இருக்கும்வரைதான் இவர்கள் இந்த நாட்டில் இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இருப்பு அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறதாம். புதுப்பிக்க வேண்டுமானால் கடையின் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டுமாம். இவர்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இங்கே வந்துதான் கருவி வைத்தார்கள். தினமும் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. ஊரில் என்னைப் பார்த்துக் கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த குழந்தை, நான் வந்து இறங்கிய அன்று வாசலில் நின்று "அத்தே" என்றது. நான் அந்த இடத்திலேயே பெட்டியைப் போட்டுவிட்டு அழுதேன்.

"பாதியில விட்டுட்டுப் போனா எல்லாம் போச்சு அண்ணி. கையெழுத்து ஆகற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அவளோடு கடை கடையாகப் போனேன். வாயை மூடலாம், கண்ணை என்ன செய்வது? ஒரே ஒரு வெள்ளரிக்காய்க்கு உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் சட்டை. எலுமிச்சம்பழத்துக்கு ஆளுக்கொரு ஸ்டிக்கர். ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். கடவுள் கொடுத்த தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு இவர்கள் ஒரு தோல் போடுகிறார்களாம், அதற்கு விலை அதிகமாம். பீன்ஸ் எல்லாம் ஒரே நீளம், கேரட் எல்லாம் ஒரே பருமன். கோணல் காய் எல்லாம் எங்கே என்று தம்பி மனைவியைக் கேட்டேன். "கோணலா இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க அண்ணி, தோட்டத்துலயே விட்டுடுவாங்க" என்றாள். நறுக்கிச் சமைத்துப் போட்டபிறகு எந்தக் காய் நேராக வளர்ந்தது, எது கோணலாக வளர்ந்தது என்று எவன் கண்டுபிடிப்பான்?

பேச்சு என்பதே கிடையாது. "என்ன விலை", "கட்டுப்படியாகாது", "போன வாரம் நீங்க குடுத்த பாகற்காயில பாதி புழு", "மருமக வந்துட்டாளா" என்று நாலு வார்த்தை இல்லாமல் ஒரு வியாபாரமா? ஆளே இல்லாத இயந்திரத்திடம் காயைக் காட்டுகிறார்கள், அது பீப் என்கிறது, பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொசுறாக ஒரு பச்சை மிளகாய் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? அன்று போனில் என் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "பேரம் பேச ஆளில்லாத ஊரா? அப்படியே அங்கயே இருந்துடு, உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார். கடையை இவரிடம் விட்டுவிட்டு வந்த என்னைச் சொல்ல வேண்டும்.

தம்பியின் கடைக்கு ஒருநாள் அவனே அழைத்துப் போனான். உண்மையைச் சொன்னால், வாசலில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பச்சை ஏப்ரன் கட்டி, நெஞ்சில் அட்டை குத்திக்கொண்டு, என் கடை மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த என் தம்பி நடந்துபோக, வேலைக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். ஆப்பிளைக் கோபுரமாக அடுக்கியிருந்தான். கீரைக்கு மேலே குழாய் வைத்து, சொல்லி வைத்தாற்போல் மெல்லிசாகத் தண்ணீர் தூவியது. நான் ஊரில் சாக்கை நனைத்து மூடி வைக்கிறேன், இவன் மழையே பெய்ய வைக்கிறான். "எல்லாம் நான் வச்சதுதான் கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அதோடு திரும்பி வந்திருக்கலாம். எனக்குத்தான் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "மிச்சமானதை என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவன் வேறு பேச்சுக்குப் போனான். நான் விடாமல் அவன் பின்னாலேயே பின்பக்கத்துக்குப் போனேன். அங்கே சுவரோரமாகப் பெரிய இரும்புத் தொட்டி. பக்கத்தில் தட்டுத் தட்டாகத் தக்காளி, கத்தரி, பீன்ஸ், எலுமிச்சை. ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். அவன் எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினான். பிறகு ஒரு பூவாளியை எடுத்து வந்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதே பூவாளிதான். அதற்குள்ளிருந்து நீலமாக என்னவோ ஊற்றினான்.

"என்னடா ஊத்தற?"

"சாயம் கா."

"எதுக்கு?"

"யாரும் எடுத்துத் தின்னக் கூடாதுன்னு."

எனக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் சில பேர் நின்றிருந்தார்கள். தெரு பெருக்குகிற உடுப்பில் ஒருத்தி, குளிர்ச் சட்டைக்குப் பொத்தான் இல்லாத ஒரு கிழவர், கையில் வெறும் பையோடு இன்னும் இரண்டு மூன்று பேர். நீலம் ஊற்றியதைப் பார்த்ததும் ஒரு சத்தமும் போடாமல் கலைந்து போனார்கள்.

"அழுகினதா இருந்தா சரி. இது நல்ல காய்டா!"

"நாளைக்குப் புது லோடு வருது. தட்டு காலியா இருக்கணும்."

"காலி பண்ணு. வேணாங்கல. அவங்ககிட்ட குடுத்துட்டுப் போயேன்."

"குடுத்தா, தின்னுட்டு வயித்து வலின்னு கேஸ் போடுவாங்களாம். அதுவும் இல்லாம, பின்னால சும்மா கெடைக்குதுன்னா முன்னால வந்து யாரு வாங்குவாங்கன்னு மேல கேக்கறாங்க. நான் என்ன கா பண்றது? சொன்னதைச் செய்யறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் கடையில் பொழுது சாய்வதற்குள் மிச்சக் காயைக் கூறு கட்டிவிடுவோம். தராசு கிடையாது, கணக்கு கிடையாது. நாலு காயைச் சேர்த்துக் குவித்தால் ஒரு கூறு. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். காலையில் வாங்க முடியாதவர்களும் அன்றைக்கு அடுப்பு மூட்டுவது அதை வைத்துத்தான். இவனுக்குக் குரல் உடைந்ததே அந்தக் கூறுக்கு ஆள் கூவிக் கூவித்தான். அப்படிக் கூவினவன் கையில் இன்றைக்குப் பூவாளி. வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அவனும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான். தம்பி மனைவி குழந்தையோடு பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். பஸ் ஏறி இறங்குவது பழகிவிட்டிருந்தது. "குடுத்துட்டு உடனே வந்துடுங்க அண்ணி" என்றாள். உடனே வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

முன்வாசல் காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டு பின்பக்கமாகக் கை காட்டினான். பின்பக்கம் தம்பி இல்லை. தட்டுகள் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. பூவாளி இன்னும் வரவில்லை. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் அதே ஆட்கள். தெரு பெருக்குகிறவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலைந்து தக்காளி, இரண்டு கத்தரி, ஒரு பிடி பீன்ஸ், மேலே ஒரு எலுமிச்சை. ஒரு கூறு. கை தானாக ஓடியது. அந்த ஊருக்கு வந்தபிறகு அந்தக் கை அன்றைக்குத்தான் ஒரு உருப்படியான காரியம் செய்தது. அட்டை நிறைந்ததும் எழுந்து போய்க் கம்பிக்கதவின் கொண்டியைத் தள்ளினேன். பூட்டுக்கூட இல்லை.

தெரு பெருக்குகிறவள் முதலில் வந்தாள். ஒரு கூறைக் காட்டி எடு என்றேன். அவள் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். சும்மா வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது முதல் கூறு. போணி. முதல் வியாபாரத்தை எந்தக் கடைக்காரியும் இனாமாகவும் கொடுக்க மாட்டாள், கடனாகவும் கொடுக்க மாட்டாள். அப்படிக் கொடுத்தால் அன்றைக்கு முழுவதும் கை விளங்காது. எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகிக்கொண்டேன். மற்றவர்களும் காசோடுதான் வந்தார்கள். நான் யாரிடமும் வாங்கவில்லை. அதுதான் போணி ஆகிவிட்டதே, இனிமேல் அள்ளிக் கொடுக்கலாம். பொத்தானில்லாத கிழவருக்கு இரண்டு கூறு போட்டேன். அவர் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்.

கடைசிக் கூறு போய்க்கொண்டிருக்கும்போது தம்பி பூவாளியோடு வந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்ட?"

"சாயம் மிச்சம்டா உனக்கு" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சுவரின் மேல் மூலையைக் காட்டினான். அங்கே ஒரு கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலதிகாரியின் அறை மாடியில் இருந்தது. என் மகள் வயசுதான் இருக்கும் அவளுக்கு. மேஜையில் ஒரு காகிதம் கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். அதற்குள் நான் உட்கார்ந்து கூறு கட்டிக்கொண்டிருந்தேன். கொண்டை அவிழ்ந்து, குத்துக்காலிட்டு, என்ன ஒரு கோலம்! நான் நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிய இடம் வந்ததும் அவள் படத்தை நிறுத்தினாள். விரலால் அந்த நாணயத்தைக் காட்டி ஏதோ கேட்டாள்.

தம்பிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, சும்மா குடுத்திருந்தாக் கூட ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். காசு வாங்கியிருக்க. கடைச் சரக்கைக் குடும்பத்தோட சேந்து பின்வாசல்ல வித்திருக்கேன்னு சொல்றா. போலீஸுக்குப் போனா நான் வேலையில இல்ல. நாங்க இந்த நாட்டுலயே இல்ல."

குழந்தை நினைப்பு வந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கொட்டிச் சாயம் ஊற்றுகிறவர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள், கொடுத்த நான் கைகட்டி நிற்க வேண்டுமா?

"நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம அவகிட்ட சொல்லு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தே பேசினேன். "இந்தாம்மா, காசு வாங்கினது நான். அது போணிக் காசு. இந்தா, அதையும் வச்சுக்க. இவனுக்கு இதுல சம்பந்தமே இல்ல, இவன் அங்க இல்லவே இல்ல. தண்டனைன்னா எனக்குக் குடு. ஆனா எனக்கு ஒரு பதில் சொல்லு. நல்ல காயில சாயத்தை ஊத்துன்னு உத்தரவு போட்டது யாரு? நீ வந்து ஊத்தறியா? இல்ல. என் தம்பியை ஊத்த வைக்கற. ஊத்தின கையோட வீட்டுக்கு வந்துதான் அவன் பொண்ணுக்குச் சோறு ஊட்டறான். பயிர் பண்ணினவன் இதைப் பாத்தா வயிறெரிஞ்சு சாக மாட்டானா? கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களை ஒரு நாளாவது இறங்கி வந்து பாத்திருக்கியா? உன் வீட்டுத் தட்டுல ஒருத்தன் வந்து நீலத்தை ஊத்தினா சும்மா இருப்பியா?"

மூச்சு வாங்கியது. நாணயத்தை மேஜையில் வைத்தேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தணிந்த குரலில் இரண்டு வரி சொன்னான். அவள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னான்.

அவள் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்து மேஜையைச் சுற்றி என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, உரக்க, ஏதோ சொன்னாள். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவளே கிழித்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். நாணயத்தையும் எடுத்து என் விரலை மடக்கிக் கொடுத்தாள். எனக்கும் மனசு இளகிவிட்டது. பெரிய படிப்புப் படித்தவளாக இருந்தாலும் பெண்தானே, எடுத்துச் சொன்னால் உறைக்கிறது என்று நினைத்தேன். "நல்லா இரும்மா" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

கடையை விட்டு வெளியே வந்ததும் தம்பி என் முழங்கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் தெருவின் அந்தக் கோடியில் இருந்தது.

"நல்ல பொண்ணுடா. நீதான் வீணா பயந்து சாகற. கையெழுத்து?"

"நாளைக்குக் காலையில போட்டுத் தரேன்னு சொல்லிட்டா. கேஸும் இல்ல."

"பாத்தியா? நியாயத்தை நேரா சொல்லணும்டா. இனிமே அந்தச் சாயத்தை நிறுத்தச் சொல்லிட்டாளா?"

அவன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். என் முழங்கையையும் விடவில்லை.

"ஏண்டா, நான் அவ்வளவு பேசினேன். நீ ரெண்டு வரியில முடிச்சுட்டியே. என்ன சொன்ன?"

"அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், இங்க நின்னு சத்தம் போடாத."

"என்னடா சொன்ன?"

"உனக்குப் புத்தி சரியில்லன்னு சொன்னேன். என்ன செய்யறோம்னே உனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆரஞ்சு இன்னும் என் கையில் இருந்தது. அவள் என்னிடம் ஏன் அப்படி நிறுத்தி நிறுத்தி, உரக்கப் பேசினாள் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கலங்கின கண்ணும் அதற்குத்தான். அவளுக்கு நான் வாழ்த்து வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"நான் சொன்னதுல ஒண்ணு கூடச் சொல்லலையா?"

"இல்ல."

"அவ ஏதோ கேட்டாளே. அது என்ன?"

"எப்பலேருந்து இப்படின்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அந்த நடுத்தெருவிலேயே அறைந்திருப்பேன். நல்ல காயைக் கொட்டி விஷம் மாதிரி நீலம் ஊற்றுகிறவர்கள் தெளிந்தவர்களாம். எடுத்து நாலு பேருக்குக் கொடுத்த நான் பைத்தியமாம். அதை என் தம்பி வாயால் சொல்ல, அவள் நம்பி அழுதிருக்கிறாள். முழங்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"கையை விடுடா! என் மூஞ்சியிலேயே முழிக்காத!"

"அக்கா." அவன் குரல் உடைந்தது. "மேல ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கா. இன்னும் கையெழுத்து போடல."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கையை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் பிடித்துக்கொண்டான். புத்தி சரியில்லாதவள் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, அவன் மேல் சாய்ந்து, மெதுவாக நடந்தேன்.